காதுக்காரரின் இடது ஸ்பீக்கர்

குடிநீர்க் குழாய் அலுவலகத்தில் அவருக்கு ஏதோ நீளமான பதவிப்பெயர் உண்டு. அது சம்பளச் சீட்டோடு சரி. எல்லாருக்கும் அவர் காதுக்காரர்தான். தார்ச்சாலைக்கு அடியில் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கேட்டுச் சொல்வது அவர் வேலை. ஆள் உயரக் கம்பி ஒன்றைச் சாலையில் ஊன்றி, அதன் தலையில் இருக்கும் மரக்குமிழில் இடது காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். வலது காது வண்டிகளுக்கு. லாரி வந்தால் விலக வேண்டுமே! கீழே தண்ணீர் சீறும் இடத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார். அங்கே தோண்டினால் தண்ணீர் இருக்கும். இருபத்தாறு வருஷம் இப்படியே ஓடியது. இந்த ஆளின் காதில் மட்டும் யாராலும் பூச்சுற்ற முடியாது என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள், அவருக்கும் அதில் பெருமைதான்.

போன மாதம் இரண்டு குழிகளில் காய்ந்த மண்தான் வந்தது. காதுக்காரருக்கு ஒரு நிமிஷம்கூடத் தன்மேல் சந்தேகம் வரவில்லை. "நான் போட்ட குறிய விட்டு நாலடி தள்ளித் தோண்டிட்டாங்க" என்று இன்ஜினியரிடம் சொல்லிவிட்டார். பொய்யென்று நினைத்துச் சொல்லவில்லை, மனசார நம்பித்தான் சொன்னார். குறியோ தோண்டிய மண்ணோடு போய்விட்டது. தோண்டும் ஆட்களின் மேஸ்திரிக்கு விளக்கம் கேட்டு மெமோ பறந்தது. திங்கட்கிழமைக்குள் சரியான பதில் தராவிட்டால் மேஸ்திரி பொறுப்பு போய், அவரும் கூட்டத்தோடு மண்வெட்டி பிடிக்க வேண்டியதுதான். மேஸ்திரி பத்துப் பேர் முன்னால் ஒன்றே ஒன்று சொன்னார்: "ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம். குழியெல்லாம் சரியாத்தான் சார் இருக்கு."

அந்தப் பேச்சு காதுக்காரருக்கு ஒரு வாரமாக முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பேப்பரை விரித்தார், மடித்தார். ஜன்னலைத் திறந்தார், வெயில் என்று சாத்தினார். மனைவி ஒன்றும் கேட்காதபோதே அவளிடம், "மண்ணு தோண்டுறவனுக்கு வாயப் பாரு" என்று பொருமினார். கடைசியில், மனசாவது ஆறட்டும் என்று பாட்டுச் செட்டைப் போட்டார்.

கல்யாணமான புதிதில் வாங்கிய செட் அது. ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு கேசட் பெட்டி, முழங்கால் உயரத்தில் இரண்டு மர ஸ்பீக்கர்கள். புல்லாங்குழல் கேசட்டைப் போட்டு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். வலது ஸ்பீக்கர் நன்றாகப் பாடியது. இடது ஸ்பீக்கர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடியது.

அவ்வளவுதான், மனிதருக்கு உயிர் வந்துவிட்டது. குற்றம் சொல்ல ஒரு ஆள் கிடைத்தாயிற்றே!

முதலில் ஆம்ப்ளிஃபயரைக் கழற்றித் தூசி ஊதினார். ஒலிக் குமிழையும் பேலன்ஸ் குமிழையும் முப்பது தடவை இப்படியும் அப்படியும் திருகினார். கரகரப்பு போனது, கம்பளி போகவில்லை. அடுத்து, பின்னால் இருந்த வயர்களை இடம் மாற்றிச் சொருகினார், இடதை வலதில், வலதை இடதில். ஆம்ப்ளிஃபயரில் கோளாறு என்றால் இப்போது வலது ஸ்பீக்கர் மங்க வேண்டும். மங்கவில்லை. இடதேதான்.

"அப்படி வா வழிக்கு! ஸ்பீக்கர்தான் அவுட்டு" என்று துள்ளினார்.

வாசற்படியில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவி, "எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதாங்க கேக்குது" என்றாள்.

"உனக்கு என்ன தெரியும்? நான் காதால சோறு திங்கிறவன்."

அவள் பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

இடது பெட்டியின் திருகுகளைக் கழற்றினார். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியை எடுத்து ஸ்பீக்கர் முனைகளில் தொட்டார். டப்பென்று காகிதக் கூம்பு குதித்தது. ஸ்பீக்கர் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. திரும்ப மூடி, இரண்டு பெட்டிகளையும் தூக்கி இடம் மாற்றி வைத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால், இதுவரை வலதில் கணீரென்று பாடிய பெட்டி, இடதுக்கு வந்ததும் கம்பளியை வாங்கிப் போர்த்திக்கொண்டது.

அவருக்கு வேர்த்துவிட்டது. வயரை மாற்றியாயிற்று, பெட்டியை மாற்றியாயிற்று. மாற்றாமல் மிச்சம் இருப்பது ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் இருக்கும் சுவர் ஒன்றுதான். சுவரில் ஈரமோ என்னவோ என்று எழுந்து போய்த் தட்டிப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, நாற்காலியைப் பார்க்கத் திரும்பினார்.

இப்போது இடது ஸ்பீக்கர் தெளிவாகப் பாடியது. வலது ஸ்பீக்கர் மங்கியது.

சுவர்ப் பக்கம் திரும்பினார். மாறியது. மறுபடி திரும்பினார். மறுபடி மாறியது. இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

"என்னங்க, பம்பரம் மாதிரி?" என்றாள் மனைவி.

இடது காதை விரலால் அடைத்தார். பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. வலது காதை அடைத்தார். புல்லாங்குழல் எங்கோ பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பயமாக இருந்தது. பிழைப்பு போய்விடும் என்ற பயம் முதலில் வந்தது, அதன் பின்னாலேயே அந்த இரண்டு குழிகளும் வந்து நின்றன.

மனைவி ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்து வந்து, வலது பக்கமாக நின்றாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கல்யாணத்துலேர்ந்து உங்க இடது பக்கம் படுத்தவ, ஏன் பக்கம் மாறினேன்? ஃபேன் காத்து ஆகலன்னு சொன்னேன், நீங்களும் சரின்னீங்க."

"சொல்லக் கூடாதா?"

"ரெண்டு தடவ சொன்னேன். ஒரு தடவ மிக்ஸி சத்தம்னீங்க. இன்னொரு தடவ, நீ முணுமுணுத்தா யாருக்குக் கேக்கும்னீங்க."

அவர் செருப்பை மாட்டினார். சட்டையை மாற்றக்கூட இல்லை.

"சாப்ட்டுப் போங்களேன்."

"நாளைக்கு அந்த ஆளோட பொறுப்ப எடுத்துடுவாங்க."

மேஸ்திரி வீடு நாலு தெரு தள்ளி. பாதி வழியில், காது விஷயத்தைச் சொல்லாமல் 'குறி கொஞ்சம் பிசகியிருக்கலாம்' என்று மட்டும் சொன்னால் போதாதா என்று ஒரு யோசனை ஓடியது. அடுத்த தெரு முனையில் ஒரு சைக்கிள் இடது பக்கமாக உரசிக்கொண்டு போனது. மணி அடித்தானாம், திட்டிவிட்டுப் போனான். யோசனை அங்கேயே உதிர்ந்தது.

மேஸ்திரி மேஜை முன்னால் ஒரு வெள்ளைத் தாளோடு உட்கார்ந்திருந்தார். கடப்பாரை பிடித்த கை, பேனாவைப் பிடித்துத் திணறிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கசக்கிப் போட்ட தாள்கள். காதுக்காரரைக் கண்டதும் முகம் இறுகியது. உட்காரச் சொல்லவில்லை.

"குழி ரெண்டும் சரியாத்தான் தோண்டியிருக்கீங்க மேஸ்திரி" என்றார் காதுக்காரர். "குறிதான் தப்பு. என்னோட இடது காது போயிடுச்சு. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

மேஸ்திரி தாளையும் பேனாவையும் மேஜையின் இந்தப் பக்கம் தள்ளினார்.

"அப்ப இத நீங்களே எழுதிக் குடுங்க."

காதுக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். 'தோண்டியவர்கள் மீது எந்தத் தவறும் இல்லை' என்று முதல் வரியை எழுதினார். அடுத்த வரியில் தன் காதைப் பற்றி எழுதினார். அதை எழுதும்போது பேனா இரண்டு இடத்தில் நின்றது. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது, மேஸ்திரி இடது பக்கம் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னீங்க?"

மேஸ்திரி மேஜையைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தார். கோபம் இன்னும் தீராத குரல்தான்.

"டீ குடிக்கிறீங்களான்னு கேட்டேன்" என்றார்.