அக்காவின் இடப்பக்கம்

லண்டனிலிருந்து வரும்போதெல்லாம் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிக்காமல் அக்கா திரும்பமாட்டாள். இந்த முறையும் உப்புவெளியிலிருந்து ஆட்டோவில் போனோம். இருவரும் நெஞ்சுக்கு மேல் துணியை முடிந்த குறுக்குக்கட்டோடு கிணற்றடியில் நின்றோம். அவளுடைய கட்டு மட்டும் நிற்கவில்லை. இடது மார்பு புடைத்து, முடிச்சு திரும்பத் திரும்ப நழுவியது.

சூட்கேஸ் தூக்கியதில் சதை பிடித்திருக்கும் என்றாள். நானும் பெரிய வைத்தியர் மாதிரி, சூடு பட்டால் வீக்கம் இறங்கும் என்று அந்தப் பக்கமே வாளி வாளியாக ஊற்றினேன். போதும் என்று அவள் சொல்லியும் விடவில்லை.

வீட்டில் உடுப்பு மாற்றும்போதுதான் சரியாகப் பார்த்தேன். ஒரு மார்பு மற்றதைவிட ஒன்றரை மடங்கு இருந்தது. எப்போதிருந்து என்று கேட்டேன். இங்கே வந்த பிறகுதான் என்றாள். பிறகு கதவைச் சாத்தச் சொன்னாள்.

"நெஞ்சுக்குள்ளை சிலிக்கோன் பை வைச்சிருக்கிறன். ரெண்டு பக்கமும். கடைசிப் பிள்ளை பால் மறந்த பிறகு வைச்சது."

குளிர்நாட்டுச் சாப்பாடு அக்காவுக்கு நல்லாய்ப் பிடித்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். அத்தானைத் தவிர யாருக்கும் தெரியாதாம். பை வைத்த இடத்தில், இடையிடையே வந்து ஸ்கேன் பண்ணச் சொல்லித்தான் அனுப்பினார்களாம். நோவு ஒன்றும் இல்லையே என்று இவள் போகவில்லை. என் வீட்டு கேஸ் குழாயை மாற்றச் சொல்லி லண்டனிலிருந்து போன் எடுத்துப் பேசுகிறவள், தன் நெஞ்சுக்குள் இருப்பதை ஒருதரமும் பார்க்கவில்லை. எனக்குப் பொல்லாத கோபம் வந்தது.

அடுத்த நாள் டவுனில் ஸ்கேன் செய்தோம். பை கிழியவில்லை, அதைச் சுற்றித் தண்ணீர் கட்டியிருக்கிறது என்றார் அங்கிருந்த பெண் வைத்தியர். ஊசியால் கொஞ்சம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். கிருமியாலும் இருக்கலாம், அடிபட்டதாலும் இருக்கலாம் என்றார். வேறொன்றையும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். வீட்டுக்கு வந்து நாங்கள் முதல் இரண்டைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தோம்.

கொழும்பு முடிவைக் கேட்க வைத்தியரிடம் திரும்பப் போனபோது, அவர் கடைசியாகச் சொன்னதுதான் வந்திருந்தது. பையைச் சுற்றி உடம்பு கட்டுகிற தழும்புச் சவ்வில் பிடிக்கும் புற்றுநோய். வழமையான மார்புப் புற்றுநோய் இல்லையாம். அரிதாக, சொரசொரப்பான பைகளோடு வருவதாம். அழகுக்கு வைத்த சாமானால் புற்றுநோய் வரும் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. பையையும் சவ்வையும் முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் சுகமாகிவிடும், பிந்தாமல் பிடித்தது நல்லது என்று வைத்தியர் சொன்னார். நான் விம்மி விம்மி அழுதேன்.

அக்கா அழவில்லை. சால்வையை நெஞ்சுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எடுத்தாப் பிறகு வேற ரெண்டு வைக்க ஏலுமோ, டொக்டர்?"

வைத்தியரின் பேனை நின்றது. நான் அக்காவின் முகத்தையே பார்த்தேன். தான் பிழைப்பேனா என்று அவள் இன்னும் கேட்டிருக்கவில்லை.