ஒரு கல்லும் குறையவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. நாங்கள் வேதக்காரக் குடும்பம். தோட்டத்து லயத்துவீட்டுப் பெண்கள் பொழுது சாய்ந்தால் ஆற்றுப் பக்கம் போகப் பயப்படுவார்கள், நான் தனியாகப் போய்த் துணி துவைத்துவிட்டு வருவேன். நாலு பேர் கூடின இடத்தில் என் வாய் திறக்காது என்பது வேறு விஷயம், அது மனிதர்களிடம் எனக்குள்ள கூச்சம். இந்தக் கதையைச் சொன்னபோது எங்கள் பங்குச் சாமியார் பசி மயக்கம் என்றார், என் மருமகன் சிரித்தான். இரண்டு பேரும் அங்கே இல்லை. நான் இருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

மெர்போக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்போது நாங்கள் இருந்தோம். ஜப்பான்காரன் சண்டைக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் வந்து தோட்டத்துக்கு மேலே உள்ள காட்டில் பழைய கோயில்களைத் தோண்டினார். ஆயிரம் வருஷத்துக் கோயில்கள் என்றார்கள். கோபுரம், சிலை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், செங்கல் மேடும் கருங்கல் தரையும்தான். என் வீட்டுக்காரர் அந்தோணி அங்கே கடப்பாரை பிடித்தார், நான் மண் கூடை சுமந்தேன். மலைமேல் இருந்த பெரிய கோயிலின் முன் பக்கத்தில் தூண் நிறுத்துகிற சதுரக் கற்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு கல்லின் நடுவிலும் ஒரு வட்டக் குழி.

வெள்ளைக்காரர் போன பிறகு எங்கள் ஆட்கள் ஒரு காரியம் செய்தார்கள். லயத்துக் கோடியில் ஆலமரத்தடியில் முனியாண்டி இருந்தார், அவருடைய சூலம் மழைக்காலத்தில் சேற்றில் சாய்ந்து சாய்ந்து விழும். குழியுள்ள கல் ஒன்று இருந்தால் சூலம் அசையாது என்று யாருக்கோ தோன்றிவிட்டது. பக்கத்து வீட்டு மாரிமுத்து அண்ணனும் என் வீட்டுக்காரரும் மூங்கிலில் கயிறு கட்டி மூலைக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். வேதக்காரர் முனியாண்டிக்குக் கல் சுமக்கலாமா என்று இவரைக் கேட்டேன். மாரிமுத்து ஒருத்தனால் தூக்க முடியாதே என்றார், அதுதான் அவர் பதில்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான், தோட்டத்துத் துரை ஓடினார், கணக்கு எழுதுகிற சின்னக் கிராணிதான் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். முதல் தடவை போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை, ஒரு செய்தியும் இல்லை. இரண்டாம் தடவை எங்கள் தோட்டத்தில் பதினைந்து பேர் என்று பட்டியல் போட்டார்கள். மாரிமுத்து அண்ணன் பேர் இருந்தது, என் வீட்டுக்காரர் பேரும் இருந்தது. அவரோ குளிர்காய்ச்சலில் எழுந்து உட்கார முடியாமல் கிடந்தார். காய்ச்சல்காரன் என்று விடமாட்டார்கள், தூக்கி லாரியில் போடுவார்கள், போனால் பிணம்தான் என்று எனக்குத் தெரியும்.

லாரி வருவதற்கு மூன்று நாள் முன்னால் ஒரு ஜப்பான் அதிகாரி வந்தான். துரை பங்களாவில் வெள்ளைக்காரர் கல்லுக் கல்லாக வரைந்து விட்டுப்போன கோயில் படங்கள் அவனுக்குக் கிடைத்திருந்தன. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும், வழி காட்ட ஆள் வேண்டும் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் கிராணி கேட்டார். மாரிமுத்து அண்ணனுக்கு வழி தெரியும், ஆனால் கல்லை எடுத்த பயத்தில் தலையைக் குனிந்துகொண்டார். எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம், "நான் வரேன் ஐயா" என்று சொல்லிவிட்டேன். அத்தனை ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

கிராணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அதிகாரி சந்தோஷப்பட்டால் அந்தோணி பேரை எடுக்கச் சொல்லிக் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். அவன் முகம் கொஞ்சம் சுருங்கினாலும் வாயே திறக்க மாட்டேன், என்னைத் தப்பாக நினைக்காதே என்றும் சொன்னார்.

நான் முன்னால், அதிகாரி நடுவில், கிராணி பின்னால். இடுப்பில் அவித்த மரவள்ளிக் கிழங்கு, காலெல்லாம் அட்டை. கீழே ஓடைக்கரையில் முதல் கோயிலைக் காட்டினேன். இங்கேதான் செப்புப் பெட்டி கிடைத்தது, இது தண்ணீர் போகிற வழி என்று வெள்ளைக்காரரின் மேஸ்திரி சொன்னதையெல்லாம் சொன்னேன். நான் நாலு வார்த்தை சொன்னால் கிராணி இங்கிலீஷில் நாற்பது வார்த்தை சொன்னார். அதிகாரி தொப்பியைக் கழற்றி அந்தச் செங்கல் மேட்டுக்குக் குனிந்து வணங்கினான். நல்ல ஆள் போலிருக்கிறதே என்று நினைத்தேன். அப்புறம்தான் அவன் படத்தைப் பிரித்து, ஒவ்வொரு கல்லாகத் தொட்டு எண்ணி, பென்சிலால் குறி போட்டான். வெள்ளைக்காரன் எதையாவது திருடியிருக்கிறானா, வேறு யாராவது திருடியிருக்கிறார்களா என்று பார்க்கிறானாம்.

மலை ஏறும்போது கிராணி என் பக்கத்தில் வந்தார். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, அதனால் வெளிப்படையாகவே பேசினோம்.

"மேல மூலைக்கல்லு இல்லையே, என்ன சொல்லப் போறே?"

"காட்டுப்பன்னி உருட்டிட்டுப் போச்சுன்னு சொல்லுங்க ஐயா."

"பன்னிக்கு எதுக்குலா கல்லு? அது என்ன அம்மி வச்சு அரைக்கப் போவுதா? உன் புருஷன் பேரை எடுக்க வந்தேன், எம் பேரையும் சேத்துடுவான் போல இருக்கு."

திரும்பிவிடலாமா என்று கேட்டார். நான் நடந்துகொண்டே இருந்தேன். குறைந்தால் நான்தான் எடுத்தேன் என்று சொல்லிவிடுவது, என்னை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும் என்று நினைத்தேன். புனித அந்தோணியாரை வேண்டினேன், முனியாண்டியை வேண்டவில்லை, அதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

உச்சி வெயில். மேடையில் ஏறினோம். மூலையில் கல் இருந்தது.

நான் மண் கூடை சுமந்த இடம் அது, எனக்கு மூலை தவறாது. அவர்கள் கல்லைத் தூக்கிய நாளில் அந்தப் பள்ளத்தை என் கண்ணால் பார்த்தேன். இப்போது பள்ளம் இல்லை, கல் இருந்தது. அதிகாரி ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான், படத்தைப் பார்த்து மறுபடியும் எண்ணினான், சரியாக இருந்தது. மூலைக் கல்லின் குழிக்குள் விரலை விட்டான். வெளியே எடுத்தபோது விரல் சிவப்பாக இருந்தது, இரும்புத் துரு. சூலம் நின்ற கல்லில்தான் துரு இருக்கும், தூண் நின்ற கல்லில் ஏது? இது என்ன என்று கேட்டான். "மண்ணுங்க" என்றேன்.

அவன் அந்தப் பக்கம் போனதும் நான் குனிந்து தொட்டேன். மற்றக் கற்களெல்லாம் வெயிலில் காலை வைக்க முடியாத சூடு. இது மட்டும் ஆலமர நிழலில் கிடந்த கல் போலச் சில்லென்று இருந்தது. கிராணியும் தொட்டார், உடனே கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அதிகாரி மகிழ்ச்சியாக இருந்தான். பட்டியலிலிருந்து பேரை எடுக்க முடியுமா என்று கிராணி கேட்டார். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏதோ சொன்னான்.

"ஒரு பேர் சொல்லச் சொல்றான்" என்றார் கிராணி. "ஒண்ணே ஒண்ணு."

எனக்கு மாரிமுத்து அண்ணன் நினைவு வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரர் பேரைச் சொன்னேன்.

பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட்டோம். நான் வீட்டுக்குப் போகவில்லை, நேரே ஆலமரத்தடிக்கு ஓடினேன். கல் அங்கேயும் இருந்தது. சூலம் நேராக நின்றது, நுனியில் எலுமிச்சம்பழம், கல்லைச் சுற்றிப் பிடித்திருந்த பாசி கொஞ்சமும் கலையவில்லை. மாரிமுத்து அண்ணன் எதிரே உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து எழுந்திருக்கவே இல்லையாம், யாரும் கல்லைத் தொடவும் இல்லையாம். "என்னாச்சு தங்கச்சி, கல்லைப் பத்திக் கேட்டானா?" என்றார். கேட்கவில்லை என்று மட்டும் சொன்னேன். மறுநாள் கிராணி ஆள் அனுப்பி மலைமேல் பார்க்கச் சொன்னார். மூலையில் பள்ளமும் புல்லும்தான் இருந்ததாம்.

மூன்றாம் நாள் லாரி வந்தது. நான் வெளியே போகவே இல்லை. கதவைச் சாத்திவிட்டு, அவருடைய கால் இரண்டையும் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, சத்தம் அடங்குகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் கால் என் மடியில் இருந்தது.

ஒரு ஆள் குறைகிறதே, யாரைப் போட்டீர்கள் என்று பிறகு கிராணியைக் கேட்டேன். "நான் யாரையும் போடலைம்மா. சிப்பாய் எண்ணினான், பதினஞ்சு இருந்துச்சு, கதவைப் போட்டுட்டான்" என்றார். வெளியூர்க்காரன் எவனையாவது பிடித்துப் போட்டுவிட்டு மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சண்டை முடிந்து பல மாதம் கழித்து மாரிமுத்து அண்ணன் திரும்பி வந்தார். எங்கள் தோட்டத்துக்கு வந்தது அவர் ஒருவர்தான். காலில் புண், எலும்பும் தோலும். என் வீட்டுக்காரரும் நானும் பார்க்கப் போனோம். அண்ணன் இவரை உற்றுப் பார்த்தார்.

"எப்ப வந்தே?" என்றார்.

"எங்க போனேன் வர்றதுக்கு?" என்று இவர் சிரித்தார்.

அண்ணன் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "லாரியில அந்தோணி எம் பக்கத்துலதான் உக்காந்தான் தங்கச்சி. காய்ச்சலோட வந்தான். நாலு மாசம் ஒரே கொட்டாயில படுத்தோம். இந்தக் கையாலதான் பொதைச்சேன்."

நான் நடந்ததைச் சொன்னேன். பெரட்டு, மலை, மடியில் இருந்த கால், எல்லாம் சொன்னேன். அவர் களைப்போடு தலையை ஆட்டினார், என்னோடு வாதாட அவருக்குச் சக்தி இல்லை.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னான்" என்றார். "காய்ச்சல்ல கெடந்தப்ப இருந்த அரிசிக் கஞ்சியெல்லாம் அவனுக்கே ஊத்திட்டு, நானும் சாப்பிட்டேன்னு நீ பொய் சொன்னியாம். தெரிஞ்சேதான் குடிச்சேன், மன்னிச்சுக்கச் சொல்லுன்னான்."

அந்த விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூடச் சொன்னதில்லை. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்படியா செஞ்சே?" என்றார்.

அவருக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் தெரிந்தது.

சயாமில் அண்ணனுக்குப் புத்தி கலங்கியிருக்கும் என்கிறான் மருமகன். கலங்கியது என்றே வைத்துக்கொள்வோம், கஞ்சி விஷயத்தை யார் சொன்னது? படித்தவன்தானே, பதில் சொல்லட்டும். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் சொல்லவில்லை.

கல்லறைத் திருநாள் வந்தால் இறந்தவர்களின் பேரை எழுதிச் சாமியாரிடம் கொடுப்போம், பூசையில் வாசிப்பார். என் அப்பா, என் அம்மா, அதற்குக் கீழே அந்தோணி என்று எழுதுவேன். உயிரோடு இருக்கிறவர் பேரை எழுதக் கூடாது என்று முதல் வருஷம் சாமியார் அடித்துவிட்டார். அடுத்த வருஷமும் எழுதினேன். இப்போது வாசித்துவிடுகிறார். மாலையில் கல்லறைத் தோட்டத்தின் மூலையில், அந்தப் பேருக்கு என்று ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறேன். அங்கே எப்போதும் காற்று. என் வீட்டுக்காரர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அது அணையாமல் இரண்டு கையாலும் மறைத்துக்கொள்கிறார்.