ஜெயகுமார் அனுப்பிய இரண்டு எண்கள்

ஜெயகுமார் இருபத்திரண்டு வருடங்களாகக் கொட்டாஞ்சேனையில் இரத்தம் சோதிக்கிறார். வெள்ளவத்தையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, மூன்றாம் மாடியில் உள்ள எங்கள் லாப்பைத் திறப்பவர் அவர்தான். மெஷின் எண்ணைத் தந்த பிறகும், சந்தேகம் வந்தால் ஒரு துளியைக் கண்ணாடியில் இழுத்து நுணுக்குக்காட்டியில் குனிந்துவிடுவார். "மெஷின் எண்ணும். ஏனெண்டு கேக்காது" என்பார். அறிக்கை அடிக்கும் எனக்கு அவருடைய முதுகுதான் அதிகம் பழக்கம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற சவுந்தரநாயகம் வந்தார்; கூடவே அவருடைய மனைவி நேசம். மறுநாள் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த திகதி. இரத்தத்தில் தொற்றின் அடையாளம் இருந்தால் தள்ளிவைக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வெண்குழியங்கள், அதாவது இரத்தத்தின் வெள்ளை அணுக்கள், பதின்மூவாயிரத்து நானூறு. பதினோராயிரத்தைத் தாண்டக் கூடாது.

ஜெயகுமார் வெகுநேரம் குனிந்திருந்தார். தொற்று என்றால் முதிராத அணுக்கள் அவசரமாக வெளியே வந்திருக்கும். இங்கே எல்லாம் முதிர்ந்தவை. எழுந்து வந்தார்.

"காய்ச்சல், இருமல் ஏதும் இருக்கோ ஐயா?"

"ஒண்டுமில்ல தம்பி."

"காலமை எங்கயாவது ஓடினீங்களோ?"

"பென்ஷன்காரனுக்கு ஓட்டம் எதுக்கு?"

நேசம் குறுக்கிட்டார். "விடியவே தனியா வெளிக்கிட்டவர். நான் வரேக்க கீழ வாசல்ல நிண்டார், வேர்த்துக் கொட்டுது."

ஜெயகுமாரின் பார்வை அவருடைய வெள்ளைக் காற்சட்டைக்கு இறங்கியது. இரண்டு முழங்காலிலும் வட்டமாக அழுக்கு. நேசமும் பார்த்துவிட்டார்.

"அந்தோனியார் கோவிலுக்கா போனீங்க? இந்த வயித்தோட முழங்கால்லயா? வேணாமெண்டு எத்தின தரம் சொன்னன்!"

"வாசல்ல இருந்து பீடம் வரைக்கும்தான். ஆபரேஷன் நல்லா முடியோணுமெண்டு நேர்த்தி. பிறகு நேரமாச்செண்டு ஓடிவந்தன்."

"நல்ல நேர்த்தி! ஆபரேஷனே இல்லாமப் போகப்போகுது."

ஜெயகுமார் சிரிக்கவில்லை. "ஐயா, இந்த அணுக்கள் எல்லாம் இரத்தத்தோட ஓடாது. அரைவாசி, இரத்தக் குழாய்ச் சுவரில ஒட்டிக்கொண்டு நிக்கும். நீங்கள் ஓடினா இரத்தம் வேகமாப் பாயும். அந்தத் தள்ளு அதுகளுக்கு விளங்கும். பிடியை விட்டிட்டு ஓட்டத்தோட வந்திடும். புதுசா ஒண்டும் பிறக்கேல்ல எண்டுதான் நினைக்கிறன். இருங்கோ, திரும்ப எடுத்துப் பாப்பம்."

கண்ணோ காதோ இல்லாத ஓர் உயிரணு, தன்மேல் விழும் அழுத்தத்தைக் கொண்டே எப்போது பற்றுவது, எப்போது விடுவது என்று அறிகிறது. அதைக் கேட்ட பிறகு எனக்குத் தட்டச்சில் கை ஓடவில்லை.

ஜெயகுமார் ஒரு மணிநேரம் அவரை அசையாமல் இருத்தினார். அவர் கால் மாற்றினாலும் நேசம் முறைத்தார். இரண்டாவது குழாய்: ஒன்பதாயிரத்து அறுநூறு.

"அப்ப முதலாவதைக் கிழிச்சுப் போடுங்க தம்பி."

"இல்லை ஐயா. ரெண்டும் போகும்."

"அதைப் பாத்திட்டு டாக்டர் வேணாமெண்டா?"

"பாக்கத்தான் வேணும். என்ர யோசனை பிழையெண்டா, கத்தி உங்கட வயித்திலதான் விழும்."

இரண்டு எண்களையும் நேரத்தோடு அடிக்கச் சொன்னார் ஜெயகுமார். கீழே ஒரு வரி: முதல் மாதிரி, முழங்காலில் நடந்து, ஓடிவந்த உடனே எடுத்தது.

அனுப்பிய பத்தாவது நிமிடம் டாக்டரிடமிருந்து போன் வந்தது. "ஓம் டாக்டர். ஸ்லைட்டை நானே பாத்தனான்" என்றார் ஜெயகுமார். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். நேசம் கணவனின் கையைப் பிடித்திருந்தார்.

போனை வைத்தார். "நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு வோர்ட்டில நிக்கட்டாம். த்ரீவீலரில போங்கோ ஐயா."

"நான் கொண்டுபோறன்" என்றார் நேசம். கையை விடவில்லை.