பிஸ்கட் டின்னில் விழுந்த மாத்திரை

மட்டாஞ்சேரியில் அப்பா மூட்டை சுமக்கும் அரிசிக் கோடவுனில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதில் பிஸ்கட் கிடையாது, மாத்திரைகள். யார் வீட்டில் எந்த மாத்திரை மிஞ்சினாலும் அதில் வந்து விழும். யாருக்கு எங்கே வலித்தாலும் அதிலிருந்து எடுப்பார்கள். தனக்கென்று ஒளித்துவைப்பது அங்கே கேவலம். ஒருவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டால் அவன் பங்கு மூட்டையையும் சேர்த்து மற்றவர்கள் சுமப்பார்கள் இல்லையா, மாத்திரையும் அப்படித்தான். எவ்வளவு சாப்பிடலாம் என்பதற்கு ஒரே கணக்கு: வலி நிற்கிற வரைக்கும்.

போன வருஷம் அப்பாவின் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். கொஞ்ச நாளில் கால் பெருவிரல் தக்காளியாய் வீங்கியது. யூரிக் ஆசிட். டாக்டர் வலி மாத்திரையைத் தொடவே கூடாது, நெஞ்சுக்கு ஆகாது என்று சொல்லி, தினம் ஒன்று என்று கோல்சிசின் எழுதிக் கொடுத்தார். இது இதயத்துக்கும் நல்லதுதான் என்றார்.

நான் அப்போது எர்ணாகுளத்தில் பி.ஃபார்ம் மூன்றாம் வருஷம். விடுவேனா? இரண்டே நாளில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மூட்டில் உப்பு சேர்ந்து எரிகிற எரிச்சலும், இதயக் குழாய்ச் சுவரில் கொழுப்பு சேர்ந்து எரிகிற எரிச்சலும் தூரத்துச் சொந்தம். இரண்டையும் அணைக்கிறது பழங்காலத்து மலிவு மாத்திரை ஒன்று! சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன ஒரு மதியம், மூட்டைகளுக்கு நடுவில் நின்று எல்லாருக்கும் வகுப்பெடுத்தேன்.

"வலி மாத்திரை கிட்னியைத் தின்னும், நெஞ்சைத் தின்னும். இது அப்படியில்லை."

அப்பாவோடு ஜோடியாக மூட்டை தூக்கிவிடும் மாமா சாயா கிளாஸைக் கீழே வைத்தார். அவருக்கும் அதே பெருவிரல் வீக்கம், பத்து வருஷமாக.

"டாக்டரம்மா, அப்ப இது ஒண்ணு போதுமா? காலுக்கும் நெஞ்சுக்கும்?"

"ஒண்ணு போதும் மாமா."

"கொள்ளாமே, நல்லாயிருக்கே! அப்ப அட்டாக்குக்கும் டாட்டா!"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா தன் பையிலிருந்து இரண்டு ஸ்ட்ரிப் எடுத்து டின்னில் போட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெருமையாக இருந்தது. யாருக்காவது கிட்னியில் கோளாறு உண்டா என்று கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, காலேஜ் பஸ் தோப்பும்படி பாலம் ஏறும்போது மாமி போன் செய்தாள்.

"மோளே, மாமாவுக்கு ராத்திரியிலேர்ந்து வாந்தி, வயித்தால போயிட்டே இருக்கு. கால்வலிக்கு அந்தப் புது மாத்திரைதான் சாப்பிட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணுமா?"

"அது அந்த மாத்திரையோட வழக்கமான பக்க விளைவு மாமி. நிறுத்திட்டா தானா நின்னுடும். கஞ்சித் தண்ணியில உப்புப் போட்டுக் குடுங்க."

பரீட்சையில் எழுதியிருந்தால் முழு மார்க். எத்தனை சாப்பிட்டார் என்று மட்டும் கேட்கவில்லை.

மறுநாள் மாமாவால் எழுந்து உட்கார முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் எத்தனை என்று கேட்டபோது மாமி முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு ஸ்ட்ரிப்பையும் நீட்டினாள். இரண்டுமே காலி. சனிக்கிழமை மதியத்திலிருந்து, வலி நிற்கிற வரைக்கும். பத்து வருஷம் தின்ற வலி மாத்திரையில் கிட்னி ஏற்கெனவே பாதி போயிருந்தது. அதைச் சொன்ன பழைய ரிப்போர்ட் வீட்டு அலமாரியில் துணிக்கடியில் இருந்ததாம். சொன்னால் சுமையைக் குறைத்துவிடுவார்கள் என்று அப்பாவிடம்கூட மாமா சொல்லவில்லை.

"இதை யார் கொடுத்தது?" டாக்டர் கேட்டார்.

"நானாக்கும்," என்றார் அப்பா.

நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அப்படியே நின்றேன்.

இதற்கு விஷமுறிவு மருந்து இல்லை, பார்க்கலாம் என்றார்கள். முதலில் வயிறு, பிறகு ரத்தம், பிறகு ஒவ்வொரு உறுப்பாக. அந்த வரிசை எனக்குத் தெரியும். புத்தகத்தில் பக்க விளைவு போட்டிருந்த அதே பக்கத்தில், கீழே நாலு வரி தள்ளி இருந்தது.

புதன்கிழமை என்னைக் கிட்டே கூப்பிட்டார் மாமா. உதடெல்லாம் வெடித்திருந்தது.

"டாக்டரம்மா, கால்வலி போயே போச்சு கேட்டோ."

அது கிண்டலா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை விடியும்போது போய்விட்டார்.

அப்பா அந்த டின்னை நசுக்கிக் குப்பையில் போட்டார். தன் மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறார், டாக்டர் நிறுத்தக் கூடாது என்றதால். விழுங்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார். நெஞ்சு நன்றாக இருக்கிறது. கோடவுனில் அவரோடு மூட்டை தூக்க வேறு ஆள் வந்துவிட்டான். மாமா இருந்தவரை சொல்லாமலே இரண்டு பக்கமும் ஒன்றாக எழும்பும். இப்போது "ஒண்ணு, ரெண்டு" சொல்லித் தூக்குகிறார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு, கொல்லைக் குழாயடியில் மாமி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து துடைத்துக் கவிழ்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அன்னிக்குக் காலையிலேயே கூட்டிட்டுப் போயிருந்தா?"

எனக்கு இதற்கும் பதில் தெரியும். நிச்சயமாகச் சொல்ல முடியாது, கிட்னி, அளவு, நேரம் என்று ஒரு பத்தியே மனசில் வந்தது. அதை விழுங்கினேன்.

"பிழைச்சிருக்கலாம் மாமி. நான் எண்ணிக்கை கேட்டிருக்கணும். போங்கன்னு சொல்லியிருக்கணும்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு நீ போன்ல அப்படிச் சொன்னதும் நான் அவரைத் திட்டினேன் மோளே," என்றாள். "சாதாரணப் பக்க விளைவாம், நாடகம் ஆடாம எந்திரிச்சுப் போய்க் குளிங்கன்னு. எந்திரிச்சுப் போனாரு. சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு."

நான் துடைத்துக் கவிழ்த்திருந்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவத் தொடங்கினாள்.