தம்பியின் இடது காது

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெடாஸ் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்து வீட்டிலிருந்து தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போன தம்பியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. எங்கோ சங்கிலி அறுத்தவனின் மோட்டாரும் அதே சிவப்பு நிறமாம். மூன்றாம் நாள் உண்மையான ஆள் அகப்பட்டதும் இவனை விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவன், நான் பேசும்போதெல்லாம் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தான். விசாரணை அறையில் போலீஸ்காரர் ஒருவர் அறைந்ததில் இடது காது போயிருந்தது.

செவிப்பறை கிழிந்திருப்பதாக சிரம்பான் ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதித் தந்தார். எப்படிக் கிழிந்தது என்று எழுதவில்லை. பார்க்காததை அவர் எப்படி எழுதுவார்?

புகாரை, அவனைப் பிடித்து வைத்திருந்த அதே போலீஸ் பாலாயில்தான் கொடுத்தோம். நான் பாலர் பள்ளி ஆசிரியை. மலாய் மொழியில் நானே எழுதினேன்.

ஒரு மாதம் கழித்து விசாரிக்க ஓர் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். தமிழர். சப்பாத்தை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"அடிச்சவரு யாருன்னு தெரியுமா?"

"பேரு தெரியாது சார். மூஞ்சி தெரியும்."

அவர் கொண்டுவந்திருந்த போலீஸ்காரர்களின் படங்களில் ஒன்றின் மேல் தம்பி தயங்காமல் விரலை வைத்தான். அவரும் குறித்துக்கொண்டார். எனக்கு நம்பிக்கை வந்தது அன்றைக்குத்தான்.

இரண்டு வாரத்தில் அவரே ஃபோன் செய்தார். "அக்கா, தம்பி காட்டுனவரு அன்னிக்கு லீவுன்னு டூட்டி புக்குல இருக்கு. அந்த ரூம்ல கேமராவும் இல்ல. எல்லாத்தையும் எழுதி மேல அனுப்பிட்டேன். முடிவு என் கையில இல்லலா."

அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. எரிந்து விழுந்திருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன்.

எட்டு மாதம் கழித்து அரைப் பக்கத்தில் கடிதம் வந்தது. போதிய ஆதாரம் இல்லை, மேல் நடவடிக்கை இல்லை.

"கோலாலம்பூர் பெரிய ஆபீசுக்கு எழுதிப் போடலாம்டா," என்றேன்.

"வேணாங்க்கா. தெனமும் அந்தப் பாலாயத் தாண்டித்தான் வேலைக்குப் போறேன்."

அந்த வழியில் போகிறவள் நான் இல்லை. கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் டி-ஷர்ட் போட்ட ஒருவர், கையில் பெண் குழந்தையுடன் நின்றார். தம்பியைப் பார்த்துத் தலையசைத்தார். தம்பியும் அசைத்தான்.

"யாருடா அது?"

"அந்தப் படத்துல இருந்தவருதான்," என்றான். மீன்காரரிடம் செதிலைச் சுத்தமாக எடுக்கச் சொன்னான்.