தகரத் தாத்தா

தாத்தாவுக்குப் போட்டோ கிடையாது. யுத்த காலத்தில் அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது எங்கள் வீட்டாருக்கு உறைத்தது. அரக்கோணம் ரயில் ஷெட்டில் வேலையாக இருந்த சித்தப்பா, வேண்டாமென்று எறிந்த சாமான்களைக் கொண்டே அப்பனுக்கு ஒரு சிலை செய்கிறேன் என்று கிளம்பினார். ஓட்டை அண்டா வயிறாயிற்று. மண்ணெண்ணெய் டின் முகம். சோடா புட்டிக் கோலிகள் கண்கள். மூக்குக்குத்தான் பஞ்சாயத்து. தாத்தாவுக்கு அப்படியே தன் மூக்குதான் என்று சித்தப்பா சாதித்தார். அத்தை தன் மூக்கைக் காட்டினாள். இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம். கடைசியில் யார் மூக்கும் இல்லாத ஓர் உடைந்த குழாய் அங்கே உட்கார்ந்தது.

என் அப்பா மட்டும் தன் மூக்கைக் காட்ட வரவில்லை. நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அவர் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து சபையில் உபதேசியார் ஆனவர். தாத்தாவோ கடைசிவரை முருகனை விடாதவர். அப்பனும் மகனும் பேசிப் பல வருஷமாகியிருந்தது.

மூத்த மகன் வீட்டில்தான் அப்பன் இருக்கவேண்டும் என்று சித்தப்பா சிலையை எங்கள் வாசலில் நிறுத்தியதுதான் வினை. முருகன் மலைக்குப் போகிற வழி அது. ஆடிக்கிருத்திகைக்கு வந்த கூட்டம் ஏதோ புதுச் சாமி என்று நினைத்து, மாலை போட்டு, குங்குமம் அப்பி, தேங்காயும் உடைத்துவிட்டுப் போயிற்று. நானும் தம்பியும் தேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தபோது நைனாவின் சபைப் போதகர் வந்து நின்றார்.

உபதேசியார் வீட்டு வாசலில் சாமி. நைனாவின் வேலை அன்றோடு சரி என்று அம்மா கதவுக்குப் பின்னால் கையைப் பிசைந்தாள். சித்தப்பா கொல்லைப் பக்கமாக மாயமாகிவிட்டார்.

இது எந்தச் சாமி என்று போதகர் கேட்டார். தன் தம்பி செய்த பொம்மை என்று சொல்லியிருந்தால் நைனா தப்பித்திருக்கலாம்.

"சாமி இல்லீங்க ஐயா. எங்க நைனாங்க."

போதகர் அந்தக் குழாய் மூக்கையும் நைனாவின் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "பெத்தவரு மூஞ்சில இவ்ளோ குங்குமமா? தொடச்சி வையிப்பா" என்றார். சாமி இல்லையென்றால் தின்னலாம்தானே என்று, என் தம்பி நீட்டிய தேங்காய்ச் சில்லை வாங்கிக் கடித்துக்கொண்டே போய்விட்டார்.

நைனா ஈரத்துணியோடு உட்கார்ந்தார். மாலையைக் கழற்றினார். குங்குமத்தையும் சந்தனத்தையும் அழுந்தத் தேய்த்து எடுத்தார். நெற்றியில் யாரோ பட்டையாக இட்டுப்போன விபூதியை மட்டும் தொடவில்லை. அங்கே இன்னும் இருக்கிறது என்று நான் விரல் வைத்துக் காட்டினேன். என் கையைப் பிடித்து மெல்ல விலக்கினார்.

நைனாவுக்குக் கண் மங்கிவிட்டது என்று உள்ளே ஓடி அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழுதாள். மூக்குக்கண்ணாடி வாங்கினால் சரியாகிவிடும் என்று அவளைத் தேற்றினேன்.