முன்னால் வைக்கும் கால்

என் தம்பியின் இடது காலில் செருப்பு நிற்காமல் போனதுதான் முதல் அறிகுறி. காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து பூந்தமல்லி ரோடு வரை நடப்பதற்குள் மூன்று தடவை கழன்று விழும். புதுச் செருப்பு வாங்கினான். அதுவும் விழுந்தது. அம்மா செருப்புக் கடைக்காரனைத் திட்டினாள். ஆறு மாதம் கழித்து, போரூரில் ஒரு நரம்பு டாக்டர் என்னையும் தம்பியையும் உட்கார வைத்து, குற்றம் செருப்பில் இல்லை என்பதைப் பொறுமையாக விளக்கினார். தசைகளுக்குப் போகும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகின்றன. முதலில் கால், பிறகு கை, பேச்சு, கடைசியில் மூச்சு. மருந்து இருக்கிறதா என்று கேட்டேன்.

"கொஞ்ச நாள் தள்ளிப்போட இருக்கு" என்றார்.

பைக்கில் திரும்பினோம். ஐயப்பன்தாங்கல் சிக்னலில் நிற்கும்போது பின்னாலிருந்து தம்பி பேசினான்.

"அண்ணா, கால பூட்டற பலகை இனிமே எனுக்கு ஆவாது. பூட்டாத பலகை ஒண்ணு பாக்கணும்."

அவனுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. முட்டுக்காட்டைத் தாண்டி, கழிமுகத்தில் தண்ணீர் விளையாட்டு சொல்லித்தரும் ஓர் இடத்தில் வேலை. ஆள் விழுந்தால் தூக்குகிற படகை ஓட்டத்தான் சேர்ந்தான். பார்த்துப் பார்த்தே வேக்போர்டு கற்றுக்கொண்டு, பிறகு மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் அளவுக்கு வந்துவிட்டான். ஓடும் படகிலிருந்து வரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் பலகையில் பூட்டி நிற்க வேண்டும். படகு கிளப்பும் அலையில் ஏறினால் ஆள் உயரத்துக்குப் பறக்கலாம். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறேன். எங்கள் ஆட்கள் ஒரு தலைமுறைக்கு முன்பு வரை இந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அவன் செய்யும் வேலை என்னவென்று தெருவில் யாருக்கும் விளங்காது. "போட்டுல கீறான்" என்று அம்மா சொல்வாள். கப்பல் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கால் பூட்டாத பலகைக்கு வேக்சர்ஃப் பலகை என்று பெயர். படகு மெதுவாகப் போகும். எழுந்து நின்றதும் கயிற்றை விட்டுவிட்டு, அலை தள்ளுகிற தள்ளிலேயே வெறுங்காலோடு போகலாம். விழுந்தால் முட்டி முறுக்கிக்கொள்ளாது. டாக்டர் சொன்னதை மறக்க எனக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. பலகை பார்ப்பதை அப்படிப் பிடித்துக்கொண்டேன். பட்டறையில் ஒரு பாகம் சரியா தப்பா என்று சொல்ல எனக்கு வரைபடம் போதும். இதற்கும் அப்படி ஒரு அட்டவணை போனிலேயே கிடைத்தது. ஆளின் எடைக்குத் தகுந்த நீளம், அகலம், கனம்.

மெயின் ரோட்டு மருந்துக் கடை எடை மெஷினில் அவனை நிறுத்தினேன். அறுபத்தெட்டு. அதற்கான வரியைக் குறித்து வைத்தேன். இன்னும் நாலு பலகை பார்ப்போம் என்று ஒரு மாதம் போனது. மறுபடி நிறுத்தினால் அறுபத்து நாலு. அட்டவணையில் ஒரு வரி கீழே இறங்கினோம். தீபாவளி முடிந்து போனபோது அறுபதுக்கும் கீழே. கடைக்காரர் மெஷின் கோளாறாக இருக்கும் என்று அவரே ஏறிப் பார்த்தார். மெஷின் சரியாகத்தான் இருந்தது.

"பெருசாவே எடுத்துடலாம்டா. பெருசுன்னா ஆடாது இல்ல?" என்றேன்.

"ஆடாது. ஆனா திருப்பறதுக்குக் கால்ல பெலம் வேணும்ணா. சின்னதுன்னா நான் முழுகிடுவேன். பெருசுன்னா அது பாட்டுக்குப் போய்கினே இருக்கும்."

"அப்ப எதுதான்டா ஒனுக்கு ஒத்து வரும்?"

அவன் மூக்குக்கு மேலே போனைப் பிடித்துக்கொண்டு பலகைப் படங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தான். இப்போது கட்டை விரலும் சரியாக மடங்கவில்லை.

ஒரு புதன்கிழமை லீவு போட்டுவிட்டு அவனைக் கழிமுகத்துக்கு அழைத்துப்போனேன். கூட்டம் இல்லாத நாள். அவனோடு வேலை பார்த்த பயிற்சியாளர், அவனைவிட நாலு வயது மூத்தவர், ஷெட்டிலிருந்து மூன்று பலகைகளை எடுத்து வந்து மணலில் வைத்தார். தம்பி உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தான். ஓரம் மழுங்கலா கூர்மையா, அடியில் மீனுக்கு இருப்பது மாதிரி எத்தனை துடுப்பு, கால் வைக்கும் இடத்தில் மெத்தை எவ்வளவு என்று. அந்தப் பத்து நிமிடமும் அவன் முகத்தில் நோய் இல்லை.

பிறகு எழுந்து நின்று எனக்கு முதுகைக் காட்டினான்.

"பின்னாலேருந்து தள்ளுண்ணா."

"எதுக்கு?"

பயிற்சியாளர்தான் சொன்னார். புதிதாக வருகிறவர்களுக்கு எந்தக் கால் முன்னால் என்று அவர்களுக்கே தெரியாதாம். சொல்லாமல் பின்னாலிருந்து லேசாகத் தள்ளினால், விழாமல் இருக்க ஒரு கால் தானாக முன்னே வரும். பலகையில் அந்தக் கால்தான் முன்னால். அதற்கேற்பத்தான் பலகையும் பார்ப்பார்கள். தம்பி நூற்றுக்கணக்கான பேரை அப்படித் தள்ளியிருக்கிறான்.

"எனுக்கு முன்ன எடது. இப்ப அது வராது. வலது வருதான்னு பாக்கணும்" என்றான்.

இரண்டு தோளுக்கும் நடுவில் கை வைத்தேன். சட்டைக்கு அடியில் எலும்பு தட்டுப்பட்டது. தள்ளினேன். கதவைத் தள்ளுகிற அளவுகூட இருக்காது.

எந்தக் காலும் வரவில்லை. வெட்டிய மரம் மாதிரி அப்படியே முகம் குப்புற விழுந்தான். கைகளை ஊன்றக்கூட இல்லை.

நாங்கள் இருவரும் சேர்ந்து அவனைப் புரட்டினோம். உதட்டில் ரத்தம், பல்லில் மணல். பயிற்சியாளர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் உளறினேன், மணல் சரியில்லை, வேகமாகத் தள்ளிவிட்டேன், இன்னொரு தடவை பார்க்கலாம் என்று.

"உடுண்ணா. தெரிஞ்சுபோச்சு" என்றான் தம்பி.

அப்படியும் ஒரு பலகையைக் கேட்டான். இருப்பதிலேயே தடிமனான, அகலமான மஞ்சள் பலகை. லைஃப் ஜாக்கெட் மாட்டி, அதன் மேல் குப்புறப் படுக்க வைத்தோம். கயிற்றின் கைப்பிடியை அவன் விரல்களுக்குள் நானே திணித்தேன். பயிற்சியாளர் படகை நடக்கிற வேகத்தில்தான் எடுத்தார். கயிறு விறைத்தது. பலகை ஒரு ஆள் நீளம் நகர்ந்தது. கைப்பிடி அவன் விரல்களை விட்டு நழுவித் தண்ணீரில் தனியாகப் போயிற்று. படகு போய்க்கொண்டிருந்தது. அவன் பலகையோடு அங்கேயே மிதந்தான்.

மார்பளவு தண்ணீரில் நடந்து போய்ப் பலகையைப் பிடித்தேன். "இன்னொரு வாட்டி?" என்று கேட்டேன்.

"போதும். கரைக்கு இஸ்துகினு போ."

வீட்டுக்கு வந்ததும் அம்மா உதட்டைப் பார்த்து அழுதாள். அந்தத் தண்ணீர்தான் பிள்ளையைத் தின்றுவிட்டது என்று அவளுக்கு எண்ணம். பயிற்சியாளர் மறு வாரமே அந்த மஞ்சள் பலகையை வண்டியில் போட்டு எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். அவனுக்கே இருக்கட்டும் என்றார். அம்மா வேண்டாம் என்றாள். பீரோவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தோம். அந்த மாதம் முடிவதற்குள் தம்பி சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டான்.

கோடையில் அவன் பேச்சு குழற ஆரம்பித்தது. எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் புரியும். ஒரு நாள், பலகையை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றான். பயிற்சியாளரிடம் சொன்னேன். அவரிடம் கற்றுக்கொள்ளும் ஒரு பெண் முகப்பேரிலிருந்து வந்தார். மதுரைப் பக்கம் ஊர், ஐடி வேலை. ஒல்லியான உடம்பு; படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறி வந்தார்.

பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு இது சரியா இருக்குமாண்ணே?" என்று தம்பியிடமே கேட்டார். மற்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துத்தான் கேட்பார்கள்.

தம்பி வெகு நேரம் எடுத்துப் பேசினான். நான் ஒவ்வொரு துண்டாகத் திருப்பிச் சொன்னேன்.

"வேணாம்மா. இது சும்மா நின்னுகினு போறவங்களுக்கு. நீங்க திருப்பணும்னு நெனைப்பீங்க. இது திரும்பாது. இன்னும் மெலிசா, சின்னதா பாருங்க. அடியில ரெண்டு துடுப்பு போதும்."

அவர் போனில் குறித்துக்கொண்டார். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, வெறுங்கையோடு கிளம்பிப் போனார். எனக்குக் கோபம்.

"சும்மாதானே குடுக்கறோம். எடுத்துகினு போயிருப்பாங்க இல்ல?"

"ஒத்து வராதத குடுத்தா... தண்ணியவே... உட்ருவாங்க" என்றான். அந்தக் கடைசிச் சொல்லை மூன்று தடவை கேட்டுத்தான் பிடித்தேன்.

மழைக்காலத்தில் பேச்சு அடியோடு நின்றது. இப்போது ஆமாம் என்றால் ஒரு தடவை, இல்லை என்றால் இரண்டு தடவை கண்ணை மூடித் திறக்கிறான். மூச்சுக்கு ஒரு மெஷின் வைத்திருக்கிறோம். பலகை கேட்டு இன்னும் இரண்டு பேர் போன் செய்தார்கள். வரச் சொல்லட்டுமா என்று அவனிடம் கேட்டேன். இரண்டு பேருக்குமே இரண்டிரண்டு தடவை கண்ணை மூடினான். ஏன் என்று கேட்டால், ஆமாம், இல்லை இரண்டும் அதற்குப் பதிலாகாது. போன் செய்தவர்களிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.